அழுக்குத் துணியில் வகுத்தல்

முதல் வகுப்புக்குப் போகிற குழந்தை, வாசலில் இருக்கிற கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு எச்சில் வைக்க வேண்டும். இப்போது எல்லாப் பள்ளியிலும் இதுதான் வழக்கம். என் மகள் எழினியும் சிரித்துக்கொண்டே வைத்தாள். மரபாசான் என்கிற கற்பிக்கும் எந்திரம் அதை வைத்துப் பூட்டன் ஓட்டன் வரைக்கும் வம்சத்தைத் துழாவிவிடும். முன்னோர் செய்த கைத்தொழிலிலேயே கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மண்டையில் பச்சென்று ஒட்டுமாம். சட்டம் வந்தபோது ஊரே கைதட்டியது.

எதிர்வீட்டுப் பையனுக்குப் பாடமாகக் கோபுரம் கட்டுகிற அளவு கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத் தறி. எழினிக்கு ஒரு மூட்டை அழுக்குத் துணி.

என் பூட்டன் ஊர்த்துணி வெளுத்தவர். நான் விண்கலத்துக்கு எரிபொருள் நிரப்புகிற பொறியாளன். நேரே எந்திரத்திடம் போய்க் கத்தினேன்.

"என் பொண்ணுக்குத் தறிக்கணக்கு சொல்லிக்கொடு."

"மரபுத் தடத்தை மாற்ற அனுமதியில்லை, ஐயா. துணிகளை வீடுவீடாகப் பிரிப்பதில் எழினி வகுத்தலை அழகாகக் கற்கிறாள். எல்லாத் தொழிலுக்கும் இங்கே ஒரே மரியாதை."

"மரியாதையா? அந்த மூட்டையைத் தலையிலிருந்து இறக்க எங்க ஆளுங்க என்ன பாடுபட்டாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"அது என் பாடத்திட்டத்தில் இல்லை," என்றது பணிவாக.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடம் முழுக்கத் துணிக் குவியல். எதிர்வீட்டு சௌந்தரா அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"எப்படியும் மெஷின்லதான் போடப் போறோம் தம்பி. அதுக்கு முன்னாடி பாப்பா எண்ணிப் பழகட்டுமேன்னு கொண்டாந்தேன். மத்த வீட்டுலயும் கேட்டு வாங்கியாந்தேன்."

அவர் மனசில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனேன்.

"அப்பா, நான்தான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்!" எழினி துள்ளினாள். "எல்லா வீட்டுத் துணியையும் கரெக்டாப் பிரிச்சுட்டேன் பாரு!"

வந்த ஆத்திரத்தில் அந்தத் துணிக் குவியலை ஓங்கி உதைத்தேன். சட்டையும் பாவாடையும் மூலைக்கு ஒன்றாய்ப் பறந்தன.

"ஐயோ, என் கணக்குப் போச்சே!" என்று குழந்தை வீறிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். "நான் இனிமே ஃபர்ஸ்ட் வரமாட்டேனாப்பா?"

மண்டியிட்டேன். ஊரார் உடுத்திப்போட்ட அழுக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவளிடம் நீட்டினேன். அழுகை மெல்ல நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த வீட்டுத் துணியை எங்கே வைக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.