அவள் கடிகாரத்தில் துடித்தது

"என்னை ஓட விடுங்க!"

கேட்டேவிட்டாள். ஓட்டப் பயிற்சி நடக்கும் அந்த மைதானத்தில் தண்ணீர் கேட்கலாம், லீவு கேட்கலாம்... இதை மட்டும் கேட்கக்கூடாது. முதல் குழுவை நடத்தும் பல் டாக்டரக்கா அவள் சேர்ந்த அன்றைக்கே காதில் ஓதியிருந்தாள். "மாஸ்டர்கிட்ட வேகமா ஓடணும்னு மட்டும் வாயைத் திறந்துடாதடி. இன்னும் ஒரு மாசம் நடக்க விட்டுடுவார்."

மாஸ்டர் நிமிர்ந்தான். மழைக்கு முந்தைய வானம் மாதிரி, எதையோ சொல்ல வந்து சொல்லாமலே கலையும் கண்கள்... பார்த்தாலே அவளுக்குக் கோபம் வரும். கோபம்தானா என்று ஒருநாளும் தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்ததில்லை.

"வக்கீலம்மா, கையைக் காட்டுங்க."

காட்டினாள். கடிகாரத்தில் இதயத் துடிப்பு நூற்று நாற்பத்தாறு.

"நூத்தி நாப்பதைத் தாண்டினா நடக்கணும். புதுசா ஓட வர்றவங்க இதயத்தை மெதுவாத்தான் பழக்கணும். அவசரப்பட்டா..."

"ஆமையா ஆக முடியாது, தெரியும். உங்களுக்கு ஆமை மாஸ்டர்னு பேர் வெச்சவங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்."

அவன் சிரித்தான். எண் நூற்று ஐம்பதானது. சனியன் பிடித்த இதயம்... கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டாள்.

எல்லாம் ஒரு மழையால் வந்த வினை. கோர்ட்டிலிருந்து திரும்பும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, ஒதுங்க இடம் தேடி மைதானத்துத் தகரக் கூரைக்குள் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் அவன்மேலேயே மோதினாள். "நல்லா ஓடுறீங்க... ஆனா தப்பா ஓடுறீங்க" என்றான். யாருக்கு வராது ஆத்திரம்? மறுவாரமே பழைய கடிகாரம் ஒன்றும், துடிப்பை எண்ண மார்பில் கட்டும் பெல்ட்டும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அதே கூரையடியில் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பெல்ட்டோடு இணைத்துக் கொடுத்தவன் அவன்தான். திரையைச் சரியாகப் பார்க்காமலே எதையோ அமுக்கினான். அவசரம் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து நடை... நடை... நடை. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் பாலம்வரை ஓடும் முதல் குழுவுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் அவன் பக்கத்தில், அவன் நிழலை மிதித்தபடி. வீட்டில் கட்டிப் பார்த்தால் கடிகாரம் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகளைக் காட்டும். பழைய பொருள்தானே... அவன் வராத நாட்களில் அவளுக்குள்ளும் வெறும் கோடுகள்தான். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

"ஓடும்போது முழுசா ஒரு வாக்கியம் பேச முடிஞ்சா அதான் சரியான வேகம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப ஒரு சுத்து முழுக்க உங்களைத் திட்டிட்டே வந்தேன். மூச்சு வாங்குச்சா?"

"இல்ல... ஆனா நம்பர்..."

"நம்பர்! எங்க வீட்டுக்கு முதல் பட்டம் என்னோடது. காலேஜ் வாசல்லேர்ந்து கோர்ட்டு வாசல் வரைக்கும் இதையேதான் கேட்டேன். 'மெதுவா வாம்மா, உனக்கு இன்னும் நேரம் வரல.' அவங்களும் சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. நீங்களாவது வேற மாதிரின்னு..."

திரும்பி நின்று பனியனுக்குள்ளிருந்து பெல்ட்டை உருவி பெஞ்சில் எறிந்தாள். "நீங்களே வெச்சுக்கங்க உங்க நம்பரை!"

கடிகாரத்தையும் கழற்றப் போனவள் நின்றாள்.

நூற்று ஐம்பத்தெட்டு.

பெல்ட் பெஞ்சில் உயிரற்றுக் கிடக்கிறது. அப்படியென்றால் இது... ஓரடி அவனை நெருங்கினாள். நூற்று அறுபத்தொன்று. அவன் கை தன்னையறியாமல் தன் நெஞ்சுக்குப் போனது. பனியனுக்கு அடியில் பட்டையாக ஒரு தடம். அவனும் எப்போதும் பெல்ட் கட்டுவான். அதன் கணக்கு பைக்குள் கிடக்கும் போனுக்குப் போகும், அவன் எடுத்துப் பார்ப்பதே இல்லை.

"மாஸ்டர்... அன்னிக்கு எந்தப் பெல்ட்டோட இணைச்சீங்க?"

"திரையில ரெண்டு வந்துச்சு..." காது சிவந்தது அவனுக்கு. "நீங்க பக்கத்துல இருந்தீங்க. எதையோ அமுக்கினேன்..."

"அப்ப இத்தனை நாளா நான் நடந்தது, உங்க நெஞ்சு பண்ணின அழிச்சாட்டியத்துக்கா?"

தூறல் தகரத்தில் தட்ட ஆரம்பித்தது.

"நீங்க வந்தா அது என் பேச்சைக் கேக்கறதில்ல" என்றான் மெல்ல. "கத்துக்க வந்த பொண்ணுகிட்ட சொல்லித்தர்றவன் இதைச் சொல்லக்கூடாதுன்னு... வாயைக் கட்டிக்கிட்டேன்."

அடிக்கலாமா, அழலாமா என்றிருந்தது அவளுக்கு.

"நீங்க சொல்லாதது சரி. அதுக்கு நான் நடந்தது அநியாயம்." குரல் தழைந்தது. "என் பெல்ட்டை ஒழுங்கா இணைச்சிருந்தாலும் இதே நம்பர்தான் வந்திருக்கும்... ஓடும்போது இல்ல. ரெண்டு நாள் காணாம போயிட்டு, மூணாம் நாள் நீங்க வந்து நிக்கும்போது."

அவன் வாய் திறந்தான். அவள் விடவில்லை.

"காலையிலயே முதல் குழுவுக்குப் பல் டாக்டரக்காகிட்ட பேர் குடுத்துட்டேன். அனுமதி கேக்க வரல. உங்க வாயால ஒரு தடவை 'போ'ன்னு கேக்கத்தான் வந்தேன். இனி நீங்க எனக்கு மாஸ்டர் இல்ல."

"அப்ப நான் யாரு?"

"அதை நீங்க சொல்லுங்க. மூச்சு வாங்காம... முழு வாக்கியமா."

தூறலுக்குள் இறங்கி வாசலைத் தாண்டினாள். அவன் பெல்ட்டை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் கோடுகள் வந்துவிடும், தெரியும். போகப் போக மனசு கனத்தது... மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

கோடுகள் வரவில்லை. நூற்று எழுபது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் ஓட்டமாக்கினாள்.