கன்னம் சொன்ன ஆமா

அவள் கேட்டு முடிப்பதற்குள் கணவருடைய கன்னம் துடித்துவிட்டது.

"முகத்தைத் துடைச்சு..." என்றுதான் ஆரம்பித்திருந்தாள். வலது வாயோரத்துக்குச் சற்று மேலே, தோலுக்கடியில் சின்ன மீன் ஒன்று புரண்டது போல, ஒருமுறை. ஆமா.

"அவசரத்தைப் பாரு," என்று சொல்லிக்கொண்டே துண்டைப் பிழிந்தாள். சன்னலை மூடிவைத்திருந்த அந்த மழைக்கால மதியத்தில், ஸ்பிரிட் வாடையும் ஈரத்துணி வாடையும் மூச்சு மெஷின் சூடேறும்போது வரும் ரப்பர் வாடையும் ஒன்றாகக் கலந்து அறையில் தேங்கிக் கிடந்தன. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். கன்னம் மறுபடி துடித்தது. அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. கையிலும் காலிலும் சுருக்கென்று கரண்டு வைப்பதால் நோயாளிகள் அவளுக்கு ஷாக்கம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பயந்து வருகிறவர்களுக்கு அவளே விளக்கம் சொல்வாள்: "நரம்பு தசையைத் தொடறதே இல்லைங்க. மூளை அனுப்புற கரண்டு நரம்பு வழியா ஓடி வந்து, தசைக்கு மயிரிழை முன்னாடி நின்னுடும். அந்தச் சந்தைத் தாண்ட கரண்டால முடியாது. நரம்பு அங்க ஒரு சொட்டு ரசாயனத்தைச் சிந்தும். அது அக்கரை போய்ச் சேர்ந்தாத்தான் தசையில புதுசா கரண்டு எழும்பும், தசை இழுக்கும்." ஒரு விரலை ஆட்ட இவ்வளவு வில்லங்கமா என்று அவர்கள் சிரிப்பார்கள்.

கணவருடைய நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வந்தன. கால், கை, தொண்டை. கடைசியில் இமைகளும் பாதி மூடியபடி நின்றுவிட்டன. வலது கன்னத்தில் மட்டும் ஒரு விரற்கடை இடம் இன்னும் சொன்னபடி கேட்டது. பேச்சு குழறத் தொடங்கிய நாட்களிலேயே இருவரும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு துடிப்பு என்றால் ஆமா.

"இல்லைன்னு சொல்ல என்னங்க செய்வீங்க?" என்று அப்போது கேட்டாள்.

"உன்கிட்ட நான் என்னைக்கு இல்லைன்னு சொல்லியிருக்கேன்? அதுக்கு எதுக்குத் தனியா ஒண்ணு? சும்மா இருந்துட்டுப் போறேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு விட்டுவிட்டார்கள்.

சமையலறையில் அவருடைய அக்கா கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன் ரெண்டு நாளா நான் வாயைத் திறக்காமலே ஆமாங்கறான். சின்னதுல எதைச் சொன்னாலும் மாட்டேன்னு நின்ன பய!"

"நரம்பு சாகும்போது தசை தன்னால துடிக்கும் அக்கா. அதுக்கு அர்த்தம் கிடையாது."

"அப்ப நீ கேக்கும்போது துடிக்குதே, அதுக்கு மட்டும் அர்த்தம் இருக்கா?"

கேட்ட பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒரு கூறு கெட்டவ. மனசுல வச்சுக்காதம்மா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

அந்தக் கேள்வி போகவில்லை. இத்தனை நாள் அவளை நிற்கவைத்திருந்தது அந்த ஒரு விரற்கடைதான். அது வெறும் சாகிற நரம்பின் உளறல் என்றால், அவள் இவ்வளவு நாளும் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்?

டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்து அலமாரியில் வைத்திருந்த, தசையின் கரண்டைச் சத்தமாக்கிக் காட்டும் பழைய கருவியை இறக்கினாள். ஜெல் தடவி, கன்னத்தில் ஒட்டுத்தகடுகளைப் பதித்து, ஒயரைச் செருகி, சின்ன ஒலிபெருக்கியைத் திருகினாள். தசை பேசுவதைக் காதால் கேட்டே வருஷக்கணக்கில் பழகியவள். தன்னால் துடிக்கிற தசை முன்பின் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொரியும். கட்டளை வந்து இழுக்கிற தசையின் சத்தம் மெல்லத் தொடங்கி, திரண்டு, நின்று, அடங்கும்.

வெளியே மழை வலுத்தது. மூச்சு மெஷின் பெருமூச்சு விட்டது.

சத்தம் வந்தது. தொடங்கி, திரண்டு, அடங்கியது.

கட்டளைதான். அவர் உள்ளே இருந்தார். குனிந்து அவர் வலது கையைப் பற்றிக்கொண்டாள். "என்னங்க! நான் பேசறது கேக்குதா?"

அமைதி.

மறுபடி அந்தச் சத்தம். ஆனால் அவளுக்கு அல்ல. அவள் வாயை மூடிக்கொண்டு கவனித்தாள். ஒரு துடிப்பு, பிறகு இடைவெளி. ஒரு துடிப்பு, பிறகு நீண்ட இடைவெளி, யாரோ நீளமாக எதையோ சொல்லி முடிக்கிற அளவுக்கு. பிறகு ஆமா. ஒருமுறை இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. அவர் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் கன்னம் இழுக்கும்.

யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது?"

அமைதி.

"நான் இங்க இருக்கேன். தெரியுதா?"

அமைதி. அவர்களுடைய பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"நான் வேணுமா உங்களுக்கு? அதை மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

மழை. மூச்சு மெஷின். கன்னம் மெழுகு போலக் கிடந்தது.

பிறகு, அவள் எதுவுமே கேட்காதபோது, ஆமா.

கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவருக்கும் அவருக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அங்கே நிழல் இல்லை. நாற்காலி இல்லை. ஆனாலும் மெத்தையின் ஓரம் தாழ்ந்திருந்தது.

"வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள். "அவங்ககிட்ட வேண்டாம்னு..."

சொல்ல வழியில்லை. சும்மா இருப்பதைத் தவிர, அதற்கென்று அவர்கள் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

ஒலிபெருக்கி அடங்கியது. கன்னத்துப் பேச்சு முடிந்துவிட்டது போலிருந்தது. அவள் மற்றக் கையால் ஒட்டுத்தகடுகளைப் பிய்த்தெடுத்து, கட்டிலின் மேலாக எட்டி, அவருடைய இடது கையில் பதித்தாள். அந்தக் கைதான் முதலில் செத்தது. நரம்பில்லை. சிந்த ஒரு சொட்டில்லை. தசையும் காய்ந்து, எலும்பின்மேல் தோல்தான் மிச்சம். எந்தச் சத்தமும் கேட்கக்கூடாது.

கேட்டது.

ஒரு தசையிழை அல்ல. ஆயிரம். பெரும் கூட்டம் கூரைமேல் ஓடுவது போல, ஒலிபெருக்கி அதிர, முழு பலத்தோடு எதையோ இறுகப் பற்றுகிற கையின் சத்தம்.

அவள் குனிந்து பார்த்தாள்.

விரல்கள் மடங்கியிருந்தன. முழுவதும் அல்ல. உள்ளே இன்னொரு கைக்கு இடம் விட்டு.

அவருடைய புறங்கையில் நான்கு குழிகள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ விரல் பதித்தது போல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஆழமாயின.

அவள் பிடித்திருந்த வலது கை, பிழிந்து போட்ட துணியாய் அவள் உள்ளங்கையில் கிடந்தது. இடது கையின் கட்டைவிரல் மெல்ல அசைந்தது. மேலும் கீழுமாக. பயந்திருக்கும் ஒருத்திக்கு ஆறுதல் சொல்வது போல, அந்த வெறுமையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.