எண்ணிக்கை சரியாக இருந்தது!

“ஐயோ... நான் கைதி இல்லீங்க!”

விடிந்ததிலிருந்து ஓயாத அலறல் திருத்தணி சப் ஜெயிலின் ஓடுகளை அதிர வைத்தது.

சுவரில் ஒட்டியிருந்த பல்லி உத்தரத்துக்கு ஓடியது.

தலைமை வார்டர் தேசப்பன் மட்டும் அசையவில்லை. மூக்குப்பொடி மட்டையை நிதானமாகப் பிரித்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இந்த வாக்கியத்தை அவர் கேட்காத ராகம் இல்லை!

“இங்க எவன்டா கைதி? அத்தினி பேரும் விருந்துக்கு வந்தவங்கதான்! கம்முனு குந்து. கஞ்சி வரும்.”

“சத்தியமா நான் பக்தனுங்க! மொட்டை போட வந்தவனுங்க!”

“ஆங்... இன்னிக்கு இந்த ஊர்ல எல்லாத் தலையும் அதான் சொல்லுது!”

கம்பிக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது.

1944. ஆடிக் கிருத்திகை. மலை முழுக்கக் காவடி. ஊர் முழுக்க மொட்டை.

ஜெயிலிலும் மொட்டை!

பழைய வழக்கம் அது. விசாரணைக் கைதிகளில் வேண்டுதல் இருப்பவர்களைக் கிருத்திகையன்று விடியற்காலையில் பொய்கைக்கு அழைத்துப் போவார்கள். ஒரே நீளக் கயிறு. எல்லார் இடுப்பிலும் ஒரு சுற்று. மொட்டை அடித்து, முழுகி எழுந்து, சந்தனம் பூசி, வந்த வழியே திரும்ப வேண்டும்.

இந்த வருஷம் ஏழு பேருக்கும் திடீரென்று வேண்டுதல் வந்துவிட்டது. வெளிக்காற்று என்றால் சும்மாவா?

கயிற்றோடு முழுகினால் வேண்டுதல் பலிக்காது என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் முழுகும்போது மட்டும் கயிறு அவிழும். கரையேறியதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். தேசப்பன் தலைகளை எண்ணுவார்.

இன்றைக்கும் எண்ணினார். ஏழு மொட்டை. எண்ணிக்கை சரி!

“அய்யா... நைனா...” கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மொட்டை கெஞ்சியது. “பொய்கையில முழுகி எழுந்தேனுங்களா... பக்கத்துல ஒருத்தன், ‘அண்ணே, இந்தக் கயிறைப் புடிச்சிகினு போனா வரிசையில நிக்க வாணாம். நேரா சன்னிதிதான்’னான். புடிச்சேன்!”

“புடிச்சி?”

“நேரா இங்க வந்து தள்ளிட்டீங்களே!”

மறுபடியும் சிரிப்பு. இளைய வார்டர் பஞ்சாட்சரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

தேசப்பனும் சிரித்தார்.

பாதியில் நிறுத்தினார்.

ஏனென்றால்... இப்போதுதான் காது கொடுத்துக் கேட்டார். அந்தக் குரல் அவருக்குப் புதிது!

“பஞ்சாட்சரம்! ரிஜிஸ்தரை எடு. பேர் கூப்பிடு!”

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மொட்டை எழுந்து ‘ஆஜர்’ சொன்னது. ஆறு பெயர்கள். ஆறு ஆஜர்.

“வீரபத்திரன்!”

ஒரு மொட்டையும் எழவில்லை.

“வீரபத்திரன்... டேய்!”

ஏழாவது மொட்டை திருதிருவென்று விழித்தது. “என் பேரு பக்தவச்சலமுங்க...”

தேசப்பனின் கையிலிருந்த மூக்குப்பொடி கீழே கொட்டியது!

கைதி உள்ளே வரும் நாளிலேயே அங்க அடையாளம் எழுதி வைப்பது ஜெயில் முறை. வீரபத்திரன் பெயருக்கு நேரே தெளிவாக இருந்தது: வலது முழங்காலில் பெரிய தழும்பு.

“வேட்டியைத் தூக்குடா!”

தூக்கினான். வலது முழங்கால் வழுவழுவென்றிருந்தது.

தேசப்பன் பஞ்சாட்சரத்தை இழுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“போச்சுடா... என் சர்வீஸ் போச்சு! போயும் போயும் கொலைக் கேஸ் கைதியா போவணும்?”

வீரபத்திரன் ஒரு மாட்டு வண்டிக்காரன். பள்ளிப்பட்டில் நூல் கிடங்குக் காவல்காரன் எல்லப்பனைப் பட்டப்பகலில் அடித்துக் கொன்றுவிட்டு நூல் மூட்டைகளைக் கடத்தினார்கள். யுத்த காலம். நூல் என்றால் தங்கம்! மூட்டைகள் போனது வீரபத்திரன் வண்டியில்.

‘குடுமியும் மீசையுமா ஒரு ஆள் வாடகை பேசினான். கொலையெல்லாம் எனக்குத் தெரியாது’ என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அந்தக் குடுமிக்காரன் அகப்படவே இல்லை.

இன்று பதினோரு மணிக்கு எஸ்கார்ட் போலீஸ் வரும். வீரபத்திரனைச் சித்தூர் கோர்ட்டுக்கு ரயிலேற்ற வேண்டும்.

வீரபத்திரன் இல்லாவிட்டால்? வார்டர் வேலையோடு போகாது. தேசப்பன் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும்!

“அண்ணே...” பஞ்சாட்சரம் குரலைத் தாழ்த்தினான். “ஏழு பேர் போனாங்க. ஏழு பேர் வந்தாங்க. கணக்கு நேரா கீது. இந்த மொட்டையையே வீரபத்திரன்னு ஒப்படைச்சுட்டா இன்னா?”

“டேய்!”

“அவன் ‘நான் இல்லே’ம்பான். எந்தக் கைதி ‘நான்தான்’னு சொல்லியிருக்கான்? கோர்ட்டுக்கு இது பழகினதுதானே!”

தேசப்பன் அவனை முறைத்தார். முறைப்பதற்கு நடுவில் ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... யோசிக்கவும் செய்தார்.

பிறகு தலையை உதறினார்.

“சாமி கும்பிட வந்தவன் கழுத்துல தூக்குக் கயிறு மாட்டறதா? அப்புறம் நான் எந்த மூஞ்சியோட மலையேறுவேன்? என் தலையெழுத்து எப்படியோ போவட்டும். அவனை அனுப்பிச்சுடலாம்.”

“அண்ணே! ஜெயிலுக்குப் போயிடுவீங்க!”

“தினமும் ஜெயிலுக்குத்தானேடா வந்துகினு கீறேன்!”

சாவிக் கொத்தை எடுத்தார். அறையை விட்டு வெளியே வந்தார். பூட்டில் சாவியை நுழைத்தார்.

பக்தவச்சலம் கும்பிட்டுக்கொண்டே துள்ளினான். “நீங்க நல்லாருக்கணும் நைனா! சுருக்கா தெறங்க!”

அப்போது...

வெளிக் கதவு தடதடவென்று இடிபட்டது!

பஞ்சாட்சரம் ஓடிப்போய்த் திறந்தான். ‘ஹா!’ என்று வாயைப் பிளந்தான். கையைக் காலை ஆட்டினான்.

தேசப்பன் பூட்டை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

வாசலில் ஒரு மொட்டை. மூச்சிரைப்பு. சந்தனம் வியர்வையில் வழிந்து மார்பு வரை கோடு போட்டிருந்தது.

வீரபத்திரன்!

“நைனா...” மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னான். “உள்ள கீறவனை வுட்டுடலியே?”

இருபத்திரண்டு வருஷத்தில் ஓடிப்போன கைதி எவனும் தேசப்பனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை!

“அடப்பாவி! எங்கடா போய்த் தொலைஞ்சே?”

“கே.ஜி.கண்டிகைக்கு. போவும்போது ஓட்டம். வரும்போது காவடி ஏத்தினு வந்த வண்டி.”

“எதுக்குடா?”

“சத்தம் போடாதீங்க... நான் முழுகினு இருந்தேனா. பக்கத்துல ஒருத்தன் பூக்காரிகிட்ட சண்டை புடிச்சினு இருந்தான். தலையில முடி இல்லே, மூஞ்சியில மீசை இல்லே. ஆனா அந்தக் குரல்... அரை நாள் என் வண்டியில என் முதுகுக்குப் பின்னால குந்திகினு வந்த குரல் நைனா!”

“குடுமிக்காரனா?”

“ஆங்! கத்தினா கூட்டத்துல கரைஞ்சுடுவான். கைதி பேச்சை எவன் கேப்பான்? ஆளைப் பூட்டி வைக்க இந்த ஊர்ல உங்க ஜெயிலை வுட்டா நல்ல இடம் ஏது? அதான் கயிறைக் கையில குடுத்துட்டேன். என் மூஞ்சியிலயும் சந்தனம். அடையாளம் தெரியலே அவனுக்கு!”

தேசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியவில்லை.

“இத்த நம்பச் சொல்றியா? சாட்சி யாருடா?”

வீரபத்திரன் விலகி நின்றான்.

பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். காலில் கே.ஜி.கண்டிகைக் கடலைக்காட்டுச் செம்மண்; புருஷன் போனபின் அங்கேதான் கூலி வேலை. கன்னியம்மாள். செத்துப்போன எல்லப்பனின் மனைவி!

“அன்னிக்கு நான் கிடங்குச் சொவத்துக்கு அந்தாண்ட கூழு கரைச்சினு இருந்தேன்” என்றாள் அவளும் ரகசியமாக. “ஆளைப் பாக்கலே. குடிக்கத் தண்ணி குடுன்னு ஒருத்தன் கேட்டான். எடுத்தாரேன்னு எங்க ஊட்டுக்காரு சொன்னாரு. அப்புறம் அவரு பேச்சே கேக்கலே.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தக் குரல் இந்த வண்டிக்காரர்து இல்லேன்னு அன்னிக்கே சொன்னேன். குரலைப் பாத்தா கேஸ் நடத்தறதுன்னு சிரிச்சாங்க.”

தேசப்பன் நிமிர்ந்தார். “வீரபத்திரா, நீ இங்கயே மறைவா நில்லு. அம்மா, நீ உள்ள வா.”

கம்பிக்கு முன்னால் கன்னியம்மாள் வந்து நின்றாள்.

“பக்தவச்சலம், இந்தம்மா பள்ளிப்பட்டுக் காவல்காரர் சம்சாரம். உன் ஊரு, பேரு சொல்லு. கேக்கட்டும்.”

காலையிலிருந்து ஜெயிலை இரண்டாக்கிக்கொண்டிருந்தவன்...

வாயை இறுக்க மூடிக்கொண்டான்!

“சொல்லுய்யா!”

தலையை ஆட்டினான். தொண்டையைத் தொட்டுக் காட்டினான். கையை விரித்தான்.

“இன்னா, தொண்டை கட்டிக்கிச்சா?” உள்ளேயிருந்து ஒரு கைதி கேட்டான். “விடியாலேர்ந்து எங்க காதை அடைச்சுட்டு, இப்போ உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?”

இன்னொரு மொட்டை அவன் விலாவில் கிச்சுகிச்சு மூட்டியது. அவன் நெளிந்தான். சுருண்டான். கண்ணில் நீர் வந்தது. வாயிலிருந்து சத்தம் மட்டும் வரவில்லை!

ஜெயில் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது.

தேசப்பன் ஒரு முடிவோடு திரும்பினார்.

“பஞ்சாட்சரம்! வெலங்கை எடுத்தா. இவன்தான் வீரபத்திரன். சித்தூருக்கு அனுப்பிச்சுடலாம்.”

“ஆங் அண்ணே! பேசாதவன், இல்லேன்னு சொல்ல மாட்டான்!”

“கொலைக் கேஸ். கண்டிப்பா தூக்குதான்.”

அவன் முகத்தில் வியர்வை துளிர்த்தது.

“பேரு வீரபத்திரன்னு எழுதிக்கோ. வலது முழங்கால்ல தழும்பு வேணுமே... அந்தச் சுத்தியை எடு. இப்போ வெச்சிடலாம்!”

பஞ்சாட்சரம் சுத்தியலோடு வந்தான். கம்பிக்குள் கையை விட்டு முழங்காலை அளவு பார்த்தான்.

“அடப்பாவிங்களா!” பக்தவச்சலம் வெடித்தான். “அந்த வண்டிக்காரன் பேரை என் தலையில கட்டறீங்களே! உருப்படுவீங்களா?”

பஞ்சாட்சரம் சுத்தியலை இறக்கினான்.

தேசப்பன் கம்பிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டு போனார்.

“வீரபத்திரன் வண்டிக்காரன்னு... உனக்கு யாருய்யா சொன்னது?”

பக்தவச்சலம் கம்பியிலிருந்து பின்னால் நகர்ந்தான்.

கன்னியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “இதான்...” என்றாள். “இதே குரல்தான்.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்தவச்சலம் கதவின் மீது பாய்ந்தான். கதவு பூட்டியிருந்தது! ஆறு மொட்டைகளும் சேர்ந்து அவன் மேல் ஏறி உட்கார்ந்தன.

“குடுமியை எடுத்தான்... மீசையை எடுத்தான்...” பஞ்சாட்சரம் பெருமூச்சு விட்டான். “குரலை எடுக்க எந்தப் பொய்கைக்கரையில ஆள் குந்தியிருக்கான்?”

சரியாகப் பதினோரு மணி.

சப் மாஜிஸ்திரேட் ராஜமாணிக்கம் எஸ்கார்ட் போலீசாரோடு வந்தார். ஜெயிலுக்கும் அவர்தான் அதிகாரி.

“எத்தனை பேர் தேசப்பன்?”

“ஏழு பேர் சார்.”

அவர் உள்ளே எண்ணினார். ஏழு. திரும்பினார். வாசலோரம் ஒரு மொட்டை கைகட்டி நின்றது. எட்டு!

தேசப்பன் எதையும் மறைக்கவில்லை. கயிறு அவிழ்ந்ததிலிருந்து சுத்தியல் வரை சொன்னார். சொல்லிவிட்டு சாவிக் கொத்தையும் தொப்பியையும் மேஜை மேல் வைத்தார்.

“என் தப்புதான் சார். மொட்டையை எண்ணினேன். மூஞ்சியைப் பாக்கலே.”

மாஜிஸ்திரேட் கன்னியம்மாளிடம் கேட்டார். ஆறு கைதிகளிடமும் கேட்டார். கடைசியில் ஜெயில் விதிப் புத்தகத்தைத் திறந்தார். பக்கங்கள் புரண்டன.

“கைதி ஒருத்தன் குறைஞ்சா வார்டருக்கு என்ன தண்டனைன்னு ரெண்டு பக்கம் போட்டிருக்கு...”

“ஆமா சார்.”

“ஒருத்தன் கூடினா?”

மறுபடி புரட்டினார். முன்னால். பின்னால். அட்டை வரைக்கும்.

“ஒரு வரிகூட இல்லையே!”

புத்தகத்தை மூடினார். சாவிக் கொத்தைத் தேசப்பன் பக்கம் தள்ளினார்.

“சித்தூருக்கு நானே எழுதறேன். ஆனா மேல் உத்தரவு வர்ற வரைக்கும் வீரபத்திரன் உள்ளேதான் இருக்கணும். அது விதி.”

தேசப்பன் தொப்பியை மாட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

வீரபத்திரன் ஒரு காலை உள்ளே வைத்தான். மூலையில் இருந்த களிப் பானையை எட்டிப் பார்த்தான். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தான்.

“நைனா, களி ஏழு பேருக்குத்தான் கீது. நான் வேணும்னா கே.ஜி.கண்டிகை வரைக்கும் போய்த் தின்னுட்டு வந்துடட்டுமா? வழிதான் பழகிப் போச்சே!”