பால் பொங்கிய வீடு

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் பனிக்காலத்தில் உப்புக் கறை படியாத வாசல் கிடையாது. பனி உருகத் தெருவில் கொட்டுகிற உப்பெல்லாம் சப்பாத்தோடு மாடியேறி வந்து, காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஆனால் அன்று பின்னேரம் பிரியந்தியின் வாசலில் பூத்திருந்த கறைக்கு ஐந்து விரல்கள் இருந்தன.

வெறுங்கால். பெப்ரவரியில். மூன்றாம் மாடியில்.

கீழ்வீட்டு அக்னெஸ் குனிந்து முகர்ந்தே பார்த்துவிட்டாள். அடுத்த வீட்டு விஷயத்தை மோப்பம் பிடிப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

"பிள்ளை, இது றோட்டு உப்பில்லை. கடல் மணக்குது."

பிரியந்தி கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டாள். கடல் என்ற சொல்லை மூன்று வாரமாக அவளால் கேட்க முடிவதில்லை.

அவளுடைய கணவன் அன்டன் அயர்லாந்தில், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நான்கு வருடம் உழைத்து, கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வாங்கியிருந்தான். 2006 வசந்தத்தில் அவளும் போவதாக ஏற்பாடு. ஆனால் குடிபுகும் நாளில் பால் காய்ச்ச வீட்டுக்காரி வேண்டுமே? இவள் இங்கே தன் அடுப்பில் காய்ச்சுவது, அவன் அங்கே புது வீட்டில் தொலைபேசியோடு நிற்பது என்று முடிவாயிற்று.

"வீடு அயர்லாந்திலை, பால் மொன்றியலிலையோ?" அக்னெஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்ரை மனிசன் எந்த வீட்டுக்குக் குடிவாறதெண்டு தெரியாமல் முழிக்கப்போறார், பார்."

ஞாயிறு காலை தொலைபேசி அட்டையைச் சுரண்டி அழைத்தாள். பால் பொங்கியது.

"பொங்கிட்டுதப்பா, கேக்குதோ?"

ஒரே இரைச்சல். அதன் நடுவே, ஆமோதிக்கும் அன்டனின் குரல், "ஓம்."

மறுநாள் அயர்லாந்துப் பொலிஸ் அழைத்தது. வீட்டைக் கடல் பக்கமிருந்து பார்க்கப் பாறையில் ஏறியவனைச் சனிக்கிழமையே அலை இழுத்துப் போய்விட்டதாம். உடல் கிடைக்கவில்லை. பையிலிருந்த புது வீட்டுப் பூட்டின் திறப்பும் அவனோடே போயிற்று.

சனிக்கிழமை போனவன் ஞாயிற்றுக்கிழமை பேசியதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கட்டிடத்தில் அக்னெஸுக்கு எட்டாத ஒரே இரகசியம் அதுதான்.

இப்போது வெப்பக் குழாயின் முனகல் ஓய்ந்தது. கதவின் கீழிடுக்கால் பாசி மணம் மெல்லக் கசிந்து வந்தது. வெளியே ஏதோ சொட்டியது. மறுபடி சொட்டியது.

பூட்டுக்குள் ஒரு திறப்பு நுழைந்தது. திரும்பவில்லை. வெளியே போனது. திரும்பவும் நுழைந்தது.

அவசரமில்லாமல். அன்டனைப் போலவே.

"இஞ்சேருங்கோ..." அவள் கதவோடு ஒட்டி நின்றாள். "அது இந்த வீட்டுத் திறப்பில்லை."

திறப்பின் சுரண்டல் நின்றது.

"பாலை இஞ்சை காய்ச்சிப்போட்டனப்பா. என்ரை பிழை."

"ஓம்."

அதே இரைச்சல். அதே ஓம். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூன்று வாரமாகத் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தாள்.

சங்கிலியைக் கழற்றினாள்.

வந்தது அன்டன்தான், மீன்கள் விட்டுவைத்த அளவுக்கு. நேரே அடுப்படிக்குப் போய் நின்றான். காத்திருந்தான். அவள் பாலைச் சூடாக்கிக் கோப்பையில் கொடுத்தாள். மடக் மடக்கென்று குடித்தான்.

குடித்த பால் சட்டைக்குள்ளிருந்து, விலாவெலும்புகளின் நடுவால், வெள்ளையாகத் தரையில் வடிந்தது.

கடைசிச் சொட்டும் வடிந்தது. கோப்பையை மறுபடி நீட்டினான்.