இடது பின்சக்கரம்

வண்டி வேகமாகப் போனால் சத்தமும் வேகமாக வர வேண்டும்; நிதானமாகப் போனால் நிதானமாக. சக்கரத்திலிருந்து வருகிற எந்தச் சத்தத்துக்கும் அதுதான் நியாயம். பத்ரியின் காரில் கேட்ட சத்தத்துக்கு அந்த நியாயம் தெரியவில்லை. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும், இருபதில் போனாலும் நாற்பதில் போனாலும், இடது பின்சக்கரத்தருகே ஒரே நிதானத்தில் டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

வாங்கிப் பதினோரு நாளே ஆன பழைய கார். "நன்னா ஏமாந்திருக்கேள்" என்று மனைவி ரஞ்சனா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்து, பேங்கில் பெரிய பதவியிலும் இருப்பவனுக்கு ஒரு கார் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்றால் கேலி செய்யத்தான் செய்வார்கள். பத்ரிக்குக் கேலி பெரிதில்லை. திங்கட்கிழமை முதல் ஆறு வயது மகள் நிகிலாவை இந்தக் காரில்தான் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அவள் உட்காரும் இடம் அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே.

அன்று சனிக்கிழமை. ரஞ்சனாவுக்கு ஆபீஸ் இருந்ததால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தாராவியில் கணேசபாண்டியனின் ஒர்க்ஷாப்புக்கு வந்திருந்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாயிற்று. பேரிங்கில் ஒரு குறையும் இல்லை.

"லெஃப்ட்ல திருப்புனா வலப்பக்க வீலுலதான சார் பாரம் விழும்? சத்தம் அங்கனல்லா வரணும்?" கணேசபாண்டியன் ஸ்பேனரால் தலையைச் சொறிந்தார். "ஹேண்ட்பிரேக் வயரு உரசுதோன்னு அதையும் கழத்தி வுட்டிருக்கேன். எங்கன நிறுத்துனாலும் பிரேக்குல இருந்து காலை எடுத்துராதீய. உருண்டுரும்."

பிறகு தன் வழக்கமான வித்தையைச் செய்தார். பழைய பட்டன் போன் ஒன்றைச் சாக்ஸுக்குள் போட்டு, சக்கரத்துக்கு உள்பக்கம் கம்பியால் கட்டினார். பத்ரி தன் போனிலிருந்து அதைக் கூப்பிட்டு, காரின் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். சக்கரம் பேசுவது காதருகே கேட்குமாம்.

"வடாலாவுல லாரி நிக்குற எடத்துக்குப் பின்னால காலி கிரவுண்டு கெடக்கு. அங்க போயி லெஃப்ட்லயே வட்டம் அடிங்க. வண்டியில வேற ஆளு வேண்டாம் சார். வெயிட்டு மாறுச்சுன்னா சத்தமும் மாறிரும். பாப்பா இங்கன இருக்கட்டும்."

முன்பின் தெரியாத இடத்தில் குழந்தையை விட்டுவிட்டுப் போவதா? பத்ரி நிகிலாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைத் தன் கையாலேயே மாட்டினான். சைல்டு லாக்கையும் போட்டான்.

மணி மூன்றுதான். ஆனாலும் ஜூலை மழையில் வானம் இருண்டு, வடாலாவில் மோனோரயில் தூண்களுக்கடியில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. ஸ்பீக்கரில் தார் ரோட்டின் மேல் டயர் இழைகிற சர்ரென்ற ஓசையும், பள்ளத்துத் தண்ணீர் சிதறுவதும், சின்னக் கற்கள் தகரத்தில் தெறிப்பதும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே வந்தன. கிரவுண்டில் டீசலும் உப்புச் சேறும் கலந்த வாடை. ஆள் நடமாட்டமே இல்லை. பத்ரி ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தான்.

டொக், டொக், டொக்.

இத்தனை அருகில் அதை அவன் கேட்டதில்லை. இரும்பு இரும்பில் மோதும் சத்தமில்லை அது. மூடிய கதவை விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

"அப்பா, யாரோ தட்டறா."

"பேரிங்குடா கண்ணா."

"இல்லப்பா. உள்ள வரலாமான்னு கேக்கறா."

பத்ரி பயந்துவிட்டான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தைக்கு முன்னால் அதைக் காட்ட முடியுமா? சிரித்துவைத்தான்.

"அப்டின்னா நீயும் தட்டேன். என்ன பண்றான்னு பாப்போம்."

நிகிலா குனிந்து, சீட்டுக்கு அடியில் முஷ்டியால் மூன்று முறை தட்டினாள்.

சத்தம் நின்றுவிட்டது.

ஸ்டியரிங் ஒடித்தபடியேதான் இருந்தது. வண்டி இன்னும் அரை வட்டம் போனது. ஒன்றுமில்லை. "பாத்தியா, ஓடியே போயிட்டான்!" என்றான் பத்ரி, நிம்மதியில் குரல் உரக்க வந்தது. கிரவுண்டின் ஓரச் சரிவில் பிரேக்கை மிதித்து நிறுத்தினான். மழை கூரையில் கொட்டியது.

ஸ்பீக்கரில் டயர் ஓடிக்கொண்டிருந்தது.

நின்ற வண்டியின் டயர். தாரின் மேல். சர்ரென்று.

திரையில் கணேசபாண்டியனின் பெயர் வந்தது. சக்கரத்துப் போனின் அழைப்பை ஹோல்டில் போட்டு இதை எடுத்தான்.

"சார், எங்க இருக்கீய? அந்தப் போனு இங்க வாசல்லயே விழுந்து கெடக்கு. நீங்க கெளம்பயிலேயே கம்பி அவுந்துருக்கும் போல. ஒங்க டயரே ஏறி அப்பளமா நொறுங்கிட்டு. திரும்பி வாங்க, வேற கட்டித் தாரேன்."

அவர் வைத்துவிட்டார். பழைய அழைப்பு தானாகத் திரும்பி வந்தது. திரையில் முப்பத்தோரு நிமிடம், பன்னிரண்டு விநாடி. பதிமூன்று. பதினாலு.

டயர் ஓசை இல்லை இப்போது. மூச்சு.

"அப்பா."

குரல் பின்னாலிருந்து வரவில்லை. ஸ்பீக்கரில் வந்தது.

"அப்பா, இங்க இருட்டா இருக்கு. மேல தண்ணி கொட்டறது. வண்டிய நகத்தாதேப்பா."

கண்ணாடியில் பார்த்தான்.

நிகிலா இல்லை. கதவு திறக்கவில்லை. அவன் மாட்டிய பெல்ட் மாட்டியபடியே, வெறும் காற்றைச் சுற்றி இறுகி நின்றது. அதற்குக் கீழே சீட் அமுங்கியிருந்தது. ஆறு வயதுக் குழந்தையின் பாரமில்லை அது. பெரிய ஆள். இன்னும் அமுங்கியது. வண்டி பின்னால் மெல்லத் தாழ்ந்தது.

வண்டிக்கு அடியில், இடப்பக்கம், ஒரு சின்ன முஷ்டி தட்டியது.

டொக். டொக். டொக்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கையோடு லொடலொடவென்று வந்தது. வண்டி சரிவில் நின்றது. பிரேக்கின் மேலிருந்த அவன் கால் நடுங்க ஆரம்பித்தது.