அப்பாவின் மூன்று டப்பாக்கள்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்ததும் ஆரம்பிக்கும் பேச்சு, இரவில் தூங்கும்வரை ஓயாது. தூக்கத்தில்கூட அக்கா பேசுகிறாள் என்பது அவள் தம்பியின் புகார்.

ரேடியோவுக்கு வயது பத்து. அந்தப் பேச்சு அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி, ஸ்குரூ, பூட்டு, பெயிண்ட் என்று கூரைவரை சாமான் அடுக்கியிருக்கும். ஒரே ஒரு கொக்கி வாங்க வந்தவர்கூட அப்பாவிடம் அரட்டை அடித்துவிட்டுத்தான் போவார்.

ஒரு நாள் கடையிலேயே அப்பா மயங்கி விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

நல்லவேளை, அப்பா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது வலது கை மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மெதுவாக நடந்தார். யார் என்ன சொன்னாலும் அவருக்குப் புரிந்தது. ஆனால், பேச வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. வந்தாலும் தப்பான வார்த்தை வந்தது.

“செருப்பு... செருப்பு கொடு” என்றார் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

தம்பி ஓடிப்போய் செருப்பைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அப்பாவுக்கு வேண்டியது தண்ணீர். முதலில் முறைத்தார். பிறகு செருப்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அவரே சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பா பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அக்கா ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்தார்.

“வார்த்தை எல்லாம் எங்கேயும் போகலை சார். உள்ளேதான் இருக்கு. போற பாதைதான் அடைஞ்சிருக்கு. நடக்க நடக்கத்தான் பாதை விழும்” என்று சொல்லி, படம் போட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். கிளி, குடை, பந்து, வாத்து.

அப்பா வாத்துப் படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு எல்லா அட்டைகளையும் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மாமா வந்தார். மாமா நல்லவர்தான். மருத்துவமனைக்கு ராப்பகலாக அலைந்தவர். ஆனால், அன்று அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, அப்பா அங்கே இல்லாததுபோல அம்மாவிடம் பேசினார்.

“அக்கா, கடை இப்படிப் பூட்டியே கிடந்தா சாமானெல்லாம் துருப்பிடிச்சுடும். தெரிஞ்சவர் ஒருத்தர் வாடகைக்குக் கேட்கிறாரு. விட்டுடலாமே? அத்தானால இனிமே வியாபாரம் பண்ண முடியுமா? ஆணின்னு சொல்லவே வார்த்தை வரலை.”

அம்மா தையல் கூடத்தில் வேலை செய்கிறார். காலையில் போனால் மாலையில்தான் வருவார்.

“கொஞ்சம் பொறு. யோசிக்கிறேன்” என்றார் அம்மா.

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை தம்பி ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக அதே ஏழாம் வாய்ப்பாடுதான்.

“ஏழாறு நாற்பத்திரண்டு... ஏழேழு நாற்பத்தொன்பது... ஏழெட்டு... ஏழெட்டு...” தம்பி கூரையைப் பார்த்தான். விடை அங்கே இல்லை. “ஏழெட்டு...”

“ஐம்பத்தாறு.”

தம்பி திரும்பிப் பார்த்தான். ரேடியோவும் திரும்பினாள். சொன்னது அப்பா!

“அப்பா, ஏழொன்பது?”

“அறுபத்து மூன்று. ஏழ்பத்து எழுபது” என்றார் அப்பா, தடங்கல் இல்லாமல். சொல்லி முடித்ததும் அவரே திகைத்துப்போனார்.

அன்று படுத்த பிறகும் ரேடியோ யோசித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் என்று சொல்ல வராத அப்பாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு எப்படி வந்தது? சின்ன வயதில் எத்தனை முறை ஒப்பித்திருப்பார்! அது அவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. புயலடித்தும் அசையவில்லை. அப்படியானால், கடைச் சாமான் பெயர்களையும் ஒப்பிக்க வைத்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். ஒரு பை நிறையச் சாமான் அள்ளிவந்து அப்பா முன்னால் கொட்டினாள். கிளியும் வாத்தும் இல்லை. சுத்தியல், ரம்பம், தாழ்ப்பாள், கீல், ஆணி பிடுங்கும் குறடு, மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாள். எல்லாம் அப்பா தினமும் தொட்டுப் புழங்கியவை.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சுத்தியல். சொல்லுங்கப்பா. சுத்தியல், சுத்தியல், சுத்தியல்.”

ஒன்றைப் பிடித்தால் விடவில்லை. மூச்சுவிடாமல் சொல்ல வைத்தாள். மதியத்துக்குள் பையில் இருந்த அத்தனை பெயரும் அப்பா வாயில் வந்தன. ரேடியோ குதித்தாள். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“ஒரே நாள்ல முடிச்சுட்டோம்மா!” என்று பீற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை சுத்தியலைத் தூக்கிக் காட்டினாள்.

அப்பா பார்த்தார். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. ரம்பம்? வரவில்லை. உப்புத்தாள்? ம்ஹூம். அப்பா இடது கையால் பையைத் தள்ளிவிட்டார். சாமான்கள் தரையில் சிதறி உருண்டன.

ரேடியோ குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒன்று குறைந்தது.

“டிஷ்யூம்! டிஷ்யூம்!” என்று கத்தியபடி தம்பி உள்ளே வந்தான். கையில் தாழ்ப்பாள். முன்னும் பின்னும் நகர்த்தி அதைத் துப்பாக்கி ஆக்கியிருந்தான். “அப்பா, இது என்ன?”

“தாழ்ப்பாள்” என்றார் அப்பா.

ரேடியோ அப்படியே நின்றுவிட்டாள்.

“டேய், நேத்து அப்பாகிட்ட இதை எத்தனை தடவை கேட்டே?”

“நான் எதுவும் பண்ணலை!” தம்பி தாழ்ப்பாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“திட்டமாட்டேன்டா. சொல்லு.”

“மத்தியானம் சாப்பிட்டதும் கேட்டேன். விளையாடிட்டு வந்து கேட்டேன். தூங்கப் போறப்ப கேட்டேன். இப்ப கேட்டேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்! ரேடியோவோ ஒரே மூச்சில் ஒவ்வொன்றையும் இருபது முறை சொல்ல வைத்தாள், எல்லாம் பறந்துவிட்டன. தம்பி போகும்போதும் வரும்போதும் கேட்டான், அது நின்றுவிட்டது.

அது மட்டுமில்லை. அவள் “சொல்லுங்க” என்று பெயரையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாள். தம்பி “இது என்ன?” என்று கேட்டான். அப்பாவே தேடி எடுக்க வேண்டியிருந்தது.

“நீ பெரிய ஆளுடா!” என்று தம்பியைத் தூக்கிச் சுற்றினாள். எதற்கென்று தெரியாவிட்டாலும் தம்பி ஏற்றுக்கொண்டான்.

அன்று மாலை கடையிலிருந்து மூன்று காலிப் பெயிண்ட் டப்பாக்கள் வந்தன. ரேடியோ அவற்றின் மேல் காகிதம் ஒட்டி எழுதினாள்: ‘தினமும்’, ‘ஒரு நாள் விட்டு’, ‘ஞாயிறு’.

“அப்பா, இதான் விளையாட்டு. எல்லாச் சாமானும் முதல்ல ‘தினமும்’ டப்பாவில. பேரைச் சொல்லிட்டீங்கன்னா அடுத்த டப்பாவுக்குப் போகும். அங்கேயும் சொல்லிட்டீங்கன்னா ‘ஞாயிறு’ டப்பா. மறந்துட்டா திரும்ப ‘தினமும்’ டப்பாவுக்கே வந்துடும். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். அழுகாச்சி, கோபம் எதுவும் கூடாது.”

“நீ?” என்றார் அப்பா.

“நானும்தான்” என்றாள் ரேடியோ.

கஷ்டம் அப்பாவுக்கு மட்டும் இல்லை. அப்பா வார்த்தையைத் தேடும்போது ரேடியோ பேசாமல் இருக்க வேண்டும். விடை நாக்கு நுனியில் துடிக்கும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். கன்னம் உப்பி, கண் பிதுங்கும். அதைப் பார்த்தே அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

குறடுதான் படாதபாடு படுத்தியது.

“கு... குதிரை” என்றார் அப்பா.

தம்பி உடனே குறட்டைத் தரையில் வைத்து ‘டக்டக்’ என்று ஓட்டினான். அடுத்த நாள் “குருவி.” அதற்கடுத்த நாள் “குறட்டை.”

“கிட்ட வந்துட்டீங்கப்பா!” என்றாள் ரேடியோ.

ஒரு வழியாக அது மூன்றாவது டப்பா வரை போனது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால், மறந்துபோயிருந்தது. ரேடியோவுக்கு அழுகை வந்தது. அதைத் திரும்ப முதல் டப்பாவில் போட அவளுக்கு மனம் வரவில்லை.

அப்பா கையை நீட்டிக் குறட்டை வாங்கினார். ‘தினமும்’ டப்பாவில் அவரே போட்டார். டங்! பிறகு அவளைப் பார்த்து, “நாளைக்கு” என்றார்.

அம்மா வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை கேட்டார். தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தடவை. சாமான்கள் ஒவ்வொன்றாக டப்பா மாறின. சில திரும்பி வந்தன, மறுபடி போயின. ரேடியோ கடையிலிருந்து இன்னொரு பை கொண்டுவந்தாள். பிறகு இன்னொன்று. ‘ஞாயிறு’ டப்பா, அம்மாவால் தூக்க முடியாத அளவுக்குக் கனத்தது.

பேச்சுப் பயிற்சி அக்கா வந்து டப்பாக்களைப் பார்த்தார். “யார் சொல்லிக் கொடுத்தாங்க?” என்றார்.

“என் தம்பியோட துப்பாக்கி” என்றாள் ரேடியோ.

மழைக்காலம் முடிகிற சமயம் மாமா மறுபடி வந்தார்.

“அக்கா, கடையை வாடகைக்குக் கேட்டவர் இனிமே காத்திருக்க மாட்டாராம். நாளைக்குச் சாயங்காலம் கடையைப் பார்க்க வரச் சொல்லியிருக்கேன்.”

மேசையில் ‘பட்’டென்று ஒரு சத்தம். அடித்தது அப்பாவின் இடது கை.

“கடை... நான்... திறப்பேன். நாளைக்கு.”

மாமா வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டார். “காலையில அவர் திறக்கட்டும். சாயங்காலக் கதையைச் சாயங்காலம் பார்த்துக்கலாம்.”

மறுநாள் காலை மாமாவே வந்து ஷட்டரைத் தூக்கிக் கொடுத்தார். அப்பா உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிச் சீருடையில், தோளில் பையோடு ரேடியோ பக்கத்தில் நின்றாள். வார்த்தை வராவிட்டால் அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதலில் ஒரு தச்சர் வந்தார். “அண்ணே, எத்தனை நாளாச்சு! உப்புத்தாள் இருக்கா?” அப்பா எழுந்து எடுத்துக் கொடுத்தார். அதில் பேச்சுக்கு வேலை இல்லை.

அடுத்து ஓர் அம்மாள் வேகமாக உள்ளே வந்தார்.

“எனக்கு ஒரு அது வேணும்ங்க. அதோட பேரு... அட, வாயில இருக்கு, வரமாட்டேங்குது. கதவுல இருக்குமே! இப்படித் திறந்தா இப்படித் திரும்பும்.” கையை விரித்து மடக்கிக் காட்டினார். “உடைஞ்சுபோய் கதவு தொங்குது. அதுக்குப் பேரு என்னங்க?”

அப்பா அவரையே பார்த்தார். உதடு அசைந்தது.

ரேடியோவின் நாக்கு நுனிக்கு வார்த்தை வந்துவிட்டது. பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமா ஓர் அடி முன்னால் வந்தார். ரேடியோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அப்பாவின் இடது கை, அந்த அம்மாளின் கையைப்போலவே விரிந்து மடங்கியது.

“கீல்” என்றார் அப்பா.

“ஆங், கீல்! பாருங்க, எனக்கு மறந்தேபோச்சு!” அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“பெரிசா? சின்னதா?” என்று கேட்டார் அப்பா.

மாமா மூக்கை உறிஞ்சினார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். “அண்ணே, நான்தான். சாயங்காலம் நீங்க வரவேண்டாம். கடையை விடறதா இல்லை... ஆமா, அவரே பார்த்துக்கிறாரு” என்று அவர் பேசுவது உள்ளே கேட்டது.

அந்த அம்மாள் கீலோடு கிளம்பியதும் அப்பா ரேடியோவின் பக்கம் திரும்பினார்.

“நேரமாச்சு. ஸ்கூலுக்குப் போ.”

“நான் போயிட்டா, வார்த்தை வரலைன்னா என்னப்பா பண்ணுவீங்க?”

அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“வரும்” என்றார்.