நிழலி பார்த்துக்கொள்ளும்

மைதானத்து ஓரத்தில் நின்ற திட்டமி என்ற பயிற்சித் திட்ட இயந்திரம், காலை ஆறு மணிப் பயிற்சிக்கு இருபத்திரண்டு பேரைப் பெயர் சொல்லி அழைத்தது. வந்திருந்தவர்கள் பதினொரு பேர்.

"தற்காப்பாளர் பாக்கியவதி வடக்குப் பாதிக்கு வரவும். தாக்குதலாளர் பாக்கியவதி தெற்குப் பாதிக்கு வரவும்."

கேப்டன் பாக்கியவதி நடுக்கோட்டில் நின்று இடுப்பில் கைவைத்தாள். "மாஸ்டர், தலை ஒரு பக்கம் காலு ஒரு பக்கம்னு போகட்டுமா?"

திரவியம் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டமியின் முன்னால் போய் நின்றார். நூறாவது தடவையாக விளக்கினார். நீலப்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பதெல்லாம் இப்போது பறக்கும் இயந்திரங்கள். அவற்றைத் துடைத்து எண்ணெய் போட மிஞ்சியிருப்பது பதினொரு பெண்களும் ஒரு ஃபிட்டரும். அந்த ஃபிட்டர்தான் திரவியம். கால்பந்து மாஸ்டரும் அவரே. பதினொரு பேரை வைத்துக்கொண்டு முன்வரிசை, பின்வரிசை என்று பாகம் பிரித்தால் கட்டுப்படியாகாது. பந்து நம் காலில் இருந்தால் அத்தனை பேரும் ஏற வேண்டும், போய்விட்டால் அத்தனை பேரும் இறங்க வேண்டும். கோல் காக்கும் சூசம்மாகூட கார்னர் என்றால் ஏறிவிடுவாள்.

"ஒருவருக்கு ஒரு பொறுப்பு. பிழையைத் திருத்தவும்" என்றது திட்டமி. அதுவும் நூறாவது தடவை.

அதை உதைத்துவிட்டுப் போகவும் வழியில்லை. திட்டமி அச்சடிக்கும் தாளின்படி பயிற்சி செய்யாத அணிக்கு லீகில் இடமில்லை. லீகில் இல்லாத அணியின் மைதானம் கம்பெனிக்கு. பறக்கும் இயந்திரங்களை இறக்கி நிறுத்தச் சமதரை வேண்டுமென்று கம்பெனி ஏற்கெனவே நாலு மூலையிலும் கல் நட்டு அளந்துவிட்டுப் போயிருந்தது. மாதக் கடைசியில் பச்சைமேடு அணியோடு ஆட்டம். தோற்றால் லீக் போச்சு, கூடவே தரையும் போச்சு.

சங்கதி மேலே போய், ஒருங்கிணைந்த உடல்திறன் மற்றும் உற்சாக மேம்பாட்டு நெறியாளர் நித்திலன் மலையேறி வந்தார். பதவியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. "பதினொன்றை இருபத்திரண்டாக்குவதுதான் அறிவியல்!" என்று முழங்கிவிட்டு, தொடக்க விழாப் பந்தைத் தானே உதைத்தார். அது பக்கவாட்டில் போய்த் தேயிலைப் புதருக்குள் விழுந்தது. திட்டமி அதை 'தொலைநோக்குப் பாஸ்' என்று குறித்துக்கொண்டது.

அவர் கொண்டுவந்தவை நிழலிகள். ஆட்டக்காரியின் கணுக்காலில் கட்டும் பட்டை, அவள் கால் போகும் விதத்தை ஒரு வாரம் படிக்கும். பிறகு மைதானத்தைச் சுற்றி நட்ட கம்பங்கள், ஒளியையும் இறுக்கிய காற்றையும் கூட்டி அவளைப் போலவே ஒன்றை எதிரில் நிறுத்தும். மோதினால் பஞ்சு மூட்டையில் மோதியது போலிருக்கும். பாக்கியவதியின் நிழலி, கோபம் வந்தால் அவளைப் போலவே முழங்கையால் இடித்தது.

"நான் இவ்ளோ மோசமாவா இடிக்கிறேன்?" என்று விலாவைத் தடவினாள் பாக்கியவதி.

"பச்சைமேட்டுக்காரிகளைக் கேளு, சொல்வாளுக" என்றாள் சூசம்மா.

முதல் வாரம் திரவியத்துக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் திட்டமி கணக்குப் போட்டது. நிழலிக்குக் களைப்பில்லை, தற்காப்பில் மனுஷியை விட அது மேல். எனவே தற்காப்பு முழுக்க நிழலிகளுக்கு, தாக்குதல் மட்டும் மனிதர்களுக்கு என்று தாள் வந்தது. பந்து பறிபோனதும் மணி அடிக்கும். "உங்கள் பங்கு முடிந்தது. இளைப்பாறவும்." பெண்கள் நின்று தண்ணீர் குடிப்பார்கள். எதிரில் நின்று பறித்த நிழலிகள் பந்தை அழகாக மைதானக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும்.

"சார், பந்து போனா இவளுக பின்னால ஓடணும்" என்று திரவியம் நித்திலனைப் பிடித்தார்.

"தேவையற்ற ஓட்டம் நாற்பது சதவிகிதம் குறைஞ்சிருக்கு, திரவியம். தலைமை அலுவலகத்துல கைதட்டுறாங்க."

"மேட்ச்சுக்கு நிழலி வராதுங்களே?"

"அதுக்குத் தனியா ஒரு கமிட்டி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் ஃபேக்டரி முற்றத்தில் திரவியம் பெண்களை ஏறி இறங்கவிட்டுப் பார்த்தார். கணுக்கால் பட்டை காட்டிக்கொடுத்தது. திட்டமில்லாத ஓட்டம் என்று அணிக்கு எச்சரிக்கை. இன்னொரு முறை ஓடினால் நீக்கம். அவர் அன்று முழுக்க ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பச்சைமேடு ஆட்டத்தில் பன்னிரண்டாம் நிமிடமே பாக்கியவதி கோல் போட்டாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அடுத்துப் பந்து பறிபோனது. அவ்வளவுதான். பதினொரு பேரும் போட்டது போட்டபடி நின்றார்கள். ஒருத்தி குனிந்து லேஸ் கட்டினாள். சூசம்மா கம்பத்தில் சாய்ந்தாள். பாக்கியவதி தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கரைக்கே வந்துவிட்டாள்.

"இறங்குங்கடி! எறங்கித் தொலைங்கடி!" என்று கத்தினார் திரவியம்.

பாக்கியவதி திடுக்கிட்டுத் திரும்பினாள். பச்சைமேட்டுக்காரிகள் பந்தோடு கோலை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். "மனசு ஓடுது மாஸ்டர்... காலு மணிச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு நிக்குது."

ஒன்றுக்கு ஒன்பது.

மறுநாள் மைதானத்துக்கு இயந்திரங்கள் வரும் என்று திரவியம் எதிர்பார்த்தார். வந்தவர் நித்திலன், கையில் சால்வையோடு.

"வாழ்த்துகள், திரவியம்! மைதானம் நமக்கே!"

"தோத்துட்டோம் சார்."

"நீங்க தோத்தீங்க. நிழலிகள் பயிற்சியில ஒரு கோல்கூட வாங்கல. லீகே திட்டமி சொல்றபடி மாறிடுச்சு, இனி நிழலிகளைத்தான் பதிவு பண்றாங்க. நீலப்பாறை நிழலிகளுக்கு முதல் பிரிவு!"

"அவ்ளோ பெருமையா?" என்றாள் பாக்கியவதி. "அதுக்கு கோல் அடிக்கத் தெரியுமா சார்?"

"இனிமேதான் கத்துக்கணும். அதுங்க அடிக்க வரும்போது எதிர்ல நின்னு தடுக்க யாராவது வேணுமில்லையா? கவலைப்படாதீங்க, உங்க எல்லாருக்கும் தாள்ல இடமிருக்கு."

திட்டமி கடகடவென்று தாளைத் துப்பியது. பெண்கள் சூழ்ந்துகொண்டு தங்கள் பெயரைத் தேடினார்கள். ஆட்டக்காரர் பட்டியலில் நிழலிகள் பதினொன்று. மாற்று ஆட்டக்காரர் பட்டியல் காலி. திரவியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளின் அடியில் 'தேவைப்படும் சாதனங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே விரல் வைத்து வாசித்தார்:

"கூம்புகள், இருபது. பந்துகள், எட்டு. பெண்கள், பதினொன்று. விசில், ஊதுபவருடன் சேர்த்து, ஒன்று."